விஸ்கான்சின் 1855: 157 வாக்கில் ஜெயித்த கவர்னர் பதவியிழந்தது எப்படி? (விவாத இழை)

1 · ஏடகம்

அமெரிக்கத் தேர்தல் தகராறு என்றாலே பேச்சு 1876 ஜனாதிபதித் தேர்தலுக்குப் போய்விடுகிறது. அதற்கு இருபது ஆண்டு முன்பே, ஒரு மாநில உச்ச நீதிமன்றம் பதவியில் உட்கார்ந்திருந்த கவர்னரைச் சட்டப்படி இறக்கிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த இழை. புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம்: அங்கே கவர்னர் என்பவர் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். நம் ஊர் முதலமைச்சரின் இடத்தில் வைத்துப் பாருங்கள், ஆளுநர் மாளிகையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

1855 நவம்பர் 6 அன்று வாக்கெடுப்பு. பதவியில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் பார்ஸ்டோ. எதிர்த்து நின்றவர் ஆஷ்காஷ் ஊர் வக்கீல் கோல்ஸ் பாஷ்ஃபோர்டு. அவருடைய குடியரசுக் கட்சிக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. டிசம்பரில் மாநிலத் தொகுப்புக் குழு அறிவித்த கணக்கு: பார்ஸ்டோ 36,355, பாஷ்ஃபோர்டு 36,198. வித்தியாசம் 157.

1856 ஜனவரி 7 அன்று தலைநகர் மாடிசனில் இரண்டு பேருமே பதவியேற்றார்கள். பார்ஸ்டோவுக்குப் படை அணிவகுப்போடு ஊர்வலம். பாஷ்ஃபோர்டு உச்ச நீதிமன்ற அறையில் தலைமை நீதிபதி எட்வர்டு வைட்டன் முன்னால் அமைதியாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். மார்ச் 24 அன்று நீதிமன்றம் பாஷ்ஃபோர்டுக்கு 1,009 வாக்கு அதிகம் என்று தீர்ப்பளித்தது. 157 பின்தங்கியவர் 1,009 முன்னிலைக்கு வந்தார் என்றால், வித்தியாசத்தில் 1,166 வாக்கு மாறியிருக்கிறது. அது எங்கே ஒளிந்திருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

2 · கரிசல்மண்

ஐயா, அடிப்படையான ஒரு சந்தேகம். ஓட்டுப் பெட்டி நவம்பர் 6-லேயே மூடியாகிவிட்டது. டிசம்பரில் புது ஓட்டு எப்படி வந்து சேரும்? பெட்டியைத் திரும்பத் திறந்தார்களா?

3 · ஏடகம்

பெட்டியைத் தொடவே இல்லை, தம்பி. தொட வேண்டிய தேவையும் இல்லை. அன்றைய எண்ணிக்கை மூன்று படியாக நடந்தது. ஒவ்வொரு படியிலும் மேலே போனது காகிதம் மட்டும்தான்.

முதல் படி வாக்குச்சாவடி. அரசு அச்சடித்த வாக்குச்சீட்டு அப்போது கிடையாது. கட்சிகளே தங்கள் வேட்பாளர்களின் பெயரை வரிசையாக அச்சடித்து வாசலில் கொடுக்கும், வாக்காளர் அதைப் பெட்டியில் போடுவார். (அரசே அச்சடித்து மறைவிடத்தில் குறியிடும் ஆஸ்திரேலிய முறையை மாசசூசெட்ஸ் 1888-ல்தான் மாநிலம் முழுதுக்கும் சட்டமாக்கியது.) சாவடி அலுவலர்கள் அன்று மாலையே எண்ணி, யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வாக்களித்தவர் பெயர்ப் பட்டியலோடு கவுண்டிக்கு அனுப்புவார்கள்.

இரண்டாவது படி கவுண்டி. நம் மாவட்டம் போன்றது. அதன் எழுத்தர், துணைக்கு உள்ளூர் அலுவலர்களை வைத்துக்கொண்டு, எல்லாச் சாவடித் தாளையும் கூட்டி ஒரே அறிக்கையாகத் தலைநகருக்கு அனுப்புவார்.

மூன்றாவது படி மாநிலத் தொகுப்புக் குழு. மாநிலச் செயலர், பொருளாளர், தலைமை வழக்கறிஞர் என மூன்று பேர். 1855-ல் அந்த நாற்காலிகளில் இருந்த அலெக்சாண்டர் கிரே, எட்வர்டு யான்சன், ஜார்ஜ் ஸ்மித் மூவருமே பார்ஸ்டோவின் கட்சி.

பலவீனம் இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில் இருக்கிறது. தொலைவான கவுண்டியில் ஒரு சாவடித் தாள் தாமதமாக வந்தால், அறிக்கை போன பிறகு துணை அறிக்கை என்று ஒன்றை அனுப்பலாம். பனிக்காலம், சாலை இல்லை, காட்டு வழியில் தபால் போகவேண்டும். ஆகவே தாமதம் நம்பக்கூடியதுதான். ஆனால் அந்தத் துணை அறிக்கை வரும் நேரத்தில் மற்ற எல்லாக் கவுண்டியின் கணக்கும் தலைநகரில் தெரிந்துவிட்டிருக்கும். எத்தனை வாக்கு குறைகிறது என்று தெரிந்த பிறகு எழுதப்படும் தாளை நம்ப முடியாது. வாபாக்கா கவுண்டி, பிரிட்ஜ் கிரீக், ஸ்பிரிங் கிரீக், கில்பர்ட்ஸ் மில்ஸ் என்ற பெயர்களில் இப்படித்தான் தாள்கள் வந்து சேர்ந்தன. மக்கள் அரிதாக இருந்த வடபகுதியின் பெயர்கள். சில சாவடிகள் இருந்ததே இல்லை.

4 · நெய்தல்_கரை

இதோடு இரண்டு விஷயம் சேர்க்கவேண்டும்.

விஸ்கான்சினில் அப்போது முன்கூட்டியே தயாரித்த வாக்காளர் பட்டியல் கிடையாது. ஓட்டுப்போட வந்தவர் பெயரை அந்த இடத்திலேயே எழுதுவதுதான் பட்டியல். 1848 அரசமைப்பு வேறு தாராளமானது: வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமை பெற எண்ணம் என்று பதிந்து, ஓராண்டு மாநிலத்தில் குடியிருந்திருந்தால் போதும், வாக்களிக்கலாம். குடியேற்றம் பெருகிக்கொண்டிருந்த மாநிலம். 1850-ல் 3,05,391 பேர், 1855 மாநிலக் கணக்கெடுப்பில் 5,52,109 பேர். ஆகவே "இந்த ஊரில் இத்தனை பேர் எப்படி?" என்று கேட்டால் "புதிதாகக் குடியேறினார்கள்" என்ற பதில் கையில் தயாராக இருந்தது.

ஆனால் அதே 1855 கணக்கெடுப்பு போலிக்கு எதிரான ஆயுதமும்தான். கோடையில் எடுத்த தலைக்கணக்கு இருக்கும்போது, நவம்பரில் ஓர் இடத்தில் வந்த வாக்கை அதோடு ஒப்பிட்டால் போதும்.

5 · வழக்காடி

போலி நடந்தது என்பது மாடிசனில் அப்போதே ஊரறிந்த பேச்சு. தொகுப்புக் குழு கொடுத்த சான்றிதழுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க யாருக்கு அதிகாரம் என்பதுதான் கடினமான கேள்வியாக இருந்தது. வழக்கின் வரிசையைத் தருகிறேன், இதைத் தெரியாமல் தீர்ப்பைப் படித்தால் குழம்பும்.

பாஷ்ஃபோர்டு கையிலெடுத்தது கோ வாரண்டோ. நம் பாடநூல்களில் தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை என்று வருவது. "எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறாய்?" என்று கேட்கும் மனு. இதன் பலம், நிரூபிக்கும் சுமை பதவியில் இருப்பவர்மேல் விழுகிறது. மனு தலைமை வழக்கறிஞர் பெயரில்தான் போகவேண்டும். புதிதாகப் பதவிக்கு வந்த அவரும் ஜனநாயகக் கட்சிக்காரர். வழக்கின் பெயர் "தலைமை வழக்கறிஞர், பாஷ்ஃபோர்டு வேண்டுதலின்பேரில், எதிர் பார்ஸ்டோ" என்று நீளமாக இருப்பது அதனால்தான்.

பார்ஸ்டோ தரப்பில் ஜொனதன் ஆர்னால்டு, ஹார்லோ ஓர்ட்டன், மாத்யூ கார்பெண்டர். மூவரும் பெரிய வக்கீல்கள். முதல் வாதம்: அரசின் மூன்று கைகளும் சமம், நீதிமன்றம் கவர்னரை விசாரிக்க முடியாது, மனுவைத் தள்ளுங்கள். நீதிமன்றம் மறுத்தது. கவர்னர் பதவியை நாங்கள் விசாரிக்கவில்லை, இந்த மனிதர் அந்தப் பதவிக்கு உரியவரா என்றுதான் விசாரிக்கிறோம் என்பது அதன் நிலை.

இரண்டாவது வாதம்: தொகுப்புக் குழு என்னைத் தேர்வானதாக அறிவித்துவிட்டது, அது முடிந்த முடிவு. இதற்குப் பாஷ்ஃபோர்டு தரப்பு சாட்சி எதுவும் கொண்டுவரவில்லை. "நீ சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் சட்டத்தில் இது பதிலாகாது" என்று ஆட்சேபித்தது. நீதிமன்றம் ஏற்றது. பதவி உரிமை வாக்கிலிருந்து வருகிறது. சான்றிதழ் அதற்கு ஓர் ஆதாரம், முதல் பார்வைக்குப் போதுமான ஆதாரம், மறுக்கக்கூடிய ஆதாரம். இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பிறகு நீதிமன்றம் உண்மைகள்மேல் பதில் கேட்டது. மார்ச் 8 அன்று பார்ஸ்டோவின் வக்கீல்கள் எதிர்ப்புத் தெரிவித்து வழக்கிலிருந்தே விலகினார்கள்.

என் கருத்தில் அதுதான் அவர்கள் செய்த பெரும் பிழை. எதிர்த்தரப்பு இல்லாததால் அப்படியே தீர்ப்பு எழுதியிருக்கலாம். நீதிபதிகள் அப்படிச் செய்யாமல் சாட்சியம் கேட்டுப் பதிவு செய்தார்கள். குறுக்கு விசாரணை செய்ய மட்டும் யாரும் இல்லை.

6 · கரிசல்மண்

அப்படியானால் 1,009 என்ற எண்ணை முழுசாக நம்பலாமா? ஒரு பக்கம் மட்டும் பேசிய விசாரணைதானே.

7 · வழக்காடி

நல்ல கேள்வி. 1,009 என்பது ஒரு தரப்புச் சாட்சியத்தில் நிறுவப்பட்ட எண். குடியரசுக் கட்சி பலமாக இருந்த இடங்களில் கோளாறு நடந்ததா என்பதைப் பார்ஸ்டோ தரப்பு நீதிமன்றத்தில் கிளறியிருக்கலாம், கிளறவில்லை. ஆகவே "பாஷ்ஃபோர்டு துல்லியமாக 1,009 வாக்கில் ஜெயித்தார்" என்று எழுதுவது மிகை. "157 வாக்கு முன்னிலை போலித் தாள்களால் வந்தது, அவற்றை நீக்கினால் பாஷ்ஃபோர்டு முன்னால்" என்பதுவரை உறுதி.

ஏனென்றால் அந்தத் தாள்களை எதிர்த்த ஆதாரம் வெறும் வாய்ச்சாட்சி இல்லை. ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதாகச் சொன்ன இரண்டு இடங்களின் சான்றுத் தாள்கள் ஒரே தாளைக் கிழித்த இரண்டு பாதிகள். விளிம்பை விளிம்போடு வைத்தால் பொருந்தியது. காட்டுக்குள் இரண்டு மூலையில் இருந்த இரண்டு அலுவலர் குழுக்கள் ஒரே தாளைப் பங்கு போட்டுக்கொள்ள வழியில்லை. இதற்குக் குறுக்கு விசாரணையில் என்ன கேட்டிருக்க முடியும்?

8 · மலையனூரான்

இழையின் போக்குக்குக் கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன். மூன்று நீதிபதிகள்: வைட்டன், ஆர்சமஸ் கோல், ஏப்ரம் ஸ்மித். இதே நீதிமன்றம்தான் 1854-55-ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் மத்தியச் சட்டமே செல்லாது என்று பூத் வழக்கில் சொன்னது. குடியரசுக் கட்சி கொண்டாடிய தீர்ப்பு அது. பாஷ்ஃபோர்டுக்கு உறுதிமொழி செய்து வைத்ததே தலைமை நீதிபதிதான். பிறகு அவரே வழக்கையும் கேட்கிறார். பார்ஸ்டோ ஆதரவாளருக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கத்தியதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

9 · ஏடகம்

உறுதிமொழி செய்து வைத்தது கண்ணுக்கு நன்றாக இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் கட்சித் தீர்ப்பு என்று சொல்ல மூன்று தடைகள் இருக்கின்றன.

தீர்ப்பு ஒருமனதானது, ஸ்மித் ஜனநாயகக் கட்சிப் பின்னணியில் வந்தவர். பாஷ்ஃபோர்டுக்காக மிகக் கடுமையாக வாதாடிய எட்வர்டு ரையன் ஊரறிந்த ஜனநாயகக் கட்சிக்காரர். 1874-ல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர். பூத் வழக்கில் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்டால் இந்த நீதிபதிகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர் அவர். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: 1855-ல் கவர்னர் தவிர மற்ற மாநிலப் பதவிகளை ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. அவற்றை நீதிமன்றம் தொடவில்லை. துணைக் கவர்னர் ஆர்தர் மெக்ஆர்தர் தன் பதவிக்காலம் முழுக்க இருந்தார். ஒரே சீட்டில் வரிசையாக அச்சடித்த பெயர்களில் பார்ஸ்டோ மட்டும் இவ்வளவு பின்தங்கினார் என்பது சொந்தக் கட்சி வாக்காளரே அவர் பெயரை அடித்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. மாநிலச் செயலராக இருந்தபோதே அச்சு ஒப்பந்தத்தில் அவரை விலைக்கு வாங்குவது பற்றி எழுதிய கடிதம் ஒன்று வெளிவந்து, "பார்ஸ்டோவும் மிச்சமும்" என்பது எதிரிகளின் முழக்கமாகவே ஆகியிருந்தது. அவர் பக்கம் இருந்த பலம், 1855-ல் மதுவிலக்கு மசோதாவை வீட்டோ செய்தது. ஜெர்மன் குடியேறிகள் அதற்காக அவரைக் கைவிடவில்லை.

10 · நெய்தல்_கரை

மார்ச் கடைசி வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், அது சட்ட ரீதியில் அழகான சிக்கல்.

மார்ச் 21 வெள்ளிக்கிழமை பார்ஸ்டோ ராஜினாமா செய்தார், தீர்ப்புக்கு மூன்று நாள் முன்னால். கணக்கு இதுதான்: கவர்னர் இடம் காலியானால் துணைக் கவர்னர் ஏறுவார். மெக்ஆர்தரின் தேர்தல்மேல் யாருக்கும் புகார் இல்லை. ஆக, கட்சி கையில் பதவி நிற்கும், வழக்கு பொருளற்றதாகிவிடும். மெக்ஆர்தரும் ஏறினார்.

அது நிற்காததற்குக் காரணம் எளிது. பார்ஸ்டோவுக்குப் பதவி உரிமை தொடக்கத்திலிருந்தே இல்லை என்றால், அவர் ராஜினாமா செய்ய எதுவும் இல்லை. காலியிடம் என்று ஒன்று உண்டாகவே இல்லை. ஜனவரி முதலே கவர்னர் பாஷ்ஃபோர்டு. அப்படியிருக்க மெக்ஆர்தர் யாருக்குப் பின் ஏறுகிறார்?

மார்ச் 25 செவ்வாய் அன்று பாஷ்ஃபோர்டு டேன் கவுண்டி ஷெரிஃபையும் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு கவர்னர் அறைக்குள் போனார். பலத்தைப் பயன்படுத்துவீர்களா என்று மெக்ஆர்தர் கேட்டார். தேவை வராது என்று நினைக்கிறேன், வந்தால் உண்டு என்ற தொனியில் பதில் வந்தது. மெக்ஆர்தர் எழுந்து போய்விட்டார். ஐந்து நாள் கவர்னர். இரண்டாம் உலகப் போரின் ஜெனரல் டக்ளஸ் மெக்ஆர்தருக்கு இவர் தாத்தா.

ஊரில் ஆயுதக் குழுக்கள் திரண்டிருந்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை.

11 · மலையனூரான்

துப்பாக்கி வெடிக்காததற்குத் தீர்ப்பின் தரம் மட்டும் காரணமா? டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1873 டிசம்பர் தேர்தலில் ரிச்சர்டு கோக் 85,549, பதவியில் இருந்த எட்மண்டு டேவிஸ் 42,663. வாக்கெடுப்பு நான்கு நாள் நடக்கவேண்டும் என்று அரசமைப்பில் இருக்க, சட்டமன்றம் ஒரு நாளாக்கியது செல்லாது என்று 1874 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. யாரும் மதிக்கவில்லை. கோக் தரப்பு பதவியேற்றது, ஜனாதிபதி கிராண்டு படை அனுப்ப மறுத்தார், டேவிஸ் வெளியேறினார். அங்கும் உச்ச நீதிமன்றம், இங்கும் உச்ச நீதிமன்றம்.

12 · வழக்காடி

வேறுபாடு கேட்ட கேள்வியில் இருக்கிறது. விஸ்கான்சின் நீதிமன்றம் "வாக்காளர் யாருக்குப் போட்டார்கள்?" என்று தேடியது. டெக்சாஸ் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற முடிவைத் தேர்தல் முறையைக் காட்டித் துடைத்துப் போட்டது. முன்னதற்குத் தோற்ற கட்சிக்குள்ளேயே ஆதரவு கிடைத்தது, பின்னதற்குக் கிடைக்கவில்லை.

மெய்ன் மாநிலத்தின் 1879 தகராறு இன்னும் நெருக்கமான ஒப்பீடு. அங்கே போலித் தாள் இல்லை, நல்ல தாள்களை நிராகரித்தார்கள். கவர்னர் அலோன்சோ கார்சலனும் அவருடைய ஆலோசனைக் குழுவும் முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்து, கையெழுத்துக் குறைவு போன்ற காரணங்களைச் சொல்லிச் சட்டமன்றத் தொகுதி முடிவுகளைத் தள்ளி, பெரும்பான்மையையே மாற்றினார்கள். எந்த வேட்பாளருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் கவர்னரைச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். ஆகவே சட்டமன்றம் யார் கையில் என்பதே எல்லாம். ஜெனரல் ஜோஷுவா சேம்பர்லின் 1880 ஜனவரியில் 12 நாள் தலைநகர் ஆகஸ்டாவைக் காத்து நின்றார், பிறகு நீதிமன்றக் கருத்து வந்து டேனியல் டேவிஸ் கவர்னரானார். அதே ஆண்டு மெய்ன் பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதியையே கைவிட்டது.

13 · நெய்தல்_கரை

பாதிக்கு மேல் என்ற விதிக்கு மாசசூசெட்ஸ் 1839 கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 1,02,066. மார்க்கஸ் மார்ட்டன் 51,034. எட்வர்டு எவரெட் 50,725. மற்றவர்களுக்கு 307. பாதி 51,033, அதற்கு மேல் ஒன்று இருந்தால் போதும், சரியாக ஒன்று இருந்தது. மார்ட்டனின் ஒரு வாக்கு வேறொருவருக்குப் போயிருந்தால் விக் கட்சிச் சட்டமன்றம் எவரெட்டைத் தேர்ந்தெடுத்திருக்கும். 309 வாக்கு முந்தியவர் தோற்றிருப்பார். எவரெட்டின் கட்சியினர் கையில்தான் சரிபார்ப்பு இருந்தது. மார்ட்டன் முந்திய ஓர் ஊரின் தாளைக் குறை சொல்லித் தள்ளினாலே போதும், தள்ளவில்லை. அந்த நேர்மைக்காகவே அந்தத் தேர்தலை நினைவு வைக்கவேண்டும்.

14 · மலையனூரான்

பாஷ்ஃபோர்டைத் தியாகி ஆக்கவேண்டாம் என்பதையும் பதிந்து வைக்கிறேன். 1856-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த ரயில்வே நில மானியத்தை லா கிராஸ் – மில்வாக்கி ரயில்வே பெற்றதில், சட்டமன்றத்தினருக்குக் கடன் பத்திரங்கள் லஞ்சமாகப் போயின. 1858 விசாரணையில் பாஷ்ஃபோர்டின் பங்கு 50,000 டாலர் மதிப்பு என்று வெளிவந்தது. நீதிபதி ஸ்மித்தின் பெயரும் அந்த விவகாரத்தில் அடிபட்டது. பாஷ்ஃபோர்டு பிறகு அரிசோனா பிரதேசத்துக்குப் போய் அங்கே முதல் தலைமை வழக்கறிஞரானார்.

15 · ஏடகம்

முழுக்கச் சரி, அதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது. பாஷ்ஃபோர்டு ஊழல் செய்தார் என்பதால் 1855-ல் அவருக்கு விழுந்த வாக்கு பார்ஸ்டோவுக்குச் சேராது. வாக்கு போட்டவருடையது.

இந்தத் தீர்ப்பின் கொள்கை யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டால் நான் கறுப்பினத்தவரான எசக்கியேல் கில்லெஸ்பியைச் சொல்வேன். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று விஸ்கான்சினில் 1849-ல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 5,265, எதிர்ப்பு 4,075. அன்று மற்ற பதவிகளுக்குப் போட்ட மொத்த வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, தொகுப்பாளர்கள் தோற்றதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு 16 ஆண்டு நின்றது. 1865-ல் மில்வாக்கியில் கில்லெஸ்பி வாக்களிக்கப் போனார், மறுத்தார்கள், வழக்குப் போட்டார். 1866-ல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது: அந்தக் கேள்விக்கு விழுந்த வாக்கில் பெரும்பான்மை போதும், 1849-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. தொகுப்பாளர் அறிவிப்பு இறுதியானதல்ல என்று 1856-ல் போட்ட வழியில்தான் இதுவும் வருகிறது. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற, நாட்டின் பதினைந்தாம் அரசமைப்புத் திருத்தத்துக்கு நான்கு ஆண்டு முன்னால்.

16 · கரிசல்மண்

மூலத் தீர்ப்பைப் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது? பழைய வாக்குத் தாள்களைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

17 · வழக்காடி

விஸ்கான்சின் தீர்ப்புத் தொகுதி 4, பக்கம் 567-லிருந்து. நீண்டது. வக்கீல்களின் வாதம் முழுசாக அச்சாகியிருக்கும், அதில் மூழ்கிவிடாமல் முதலில் மனுவைத் தள்ளக் கேட்ட இடத்தில் வைட்டன் சொன்னதைப் படியுங்கள், அடுத்து சான்றிதழ் பற்றிய ஆட்சேபத்தின்மேல் வந்த முடிவு, கடைசியில் சாட்சியம். கில்லெஸ்பி வழக்கு தொகுதி 20, பக்கம் 544.

தாள்களைப் பார்க்கும்போது கூட்டுத்தொகையில் தொடங்காதீர்கள். போலி செய்பவர் கூட்டலைச் சரியாகவே போட்டிருப்பார். அந்தச் சாவடியை ஏற்படுத்திய ஆணை உண்டா, கையெழுத்திட்ட அலுவலர்கள் அந்த ஊரில் குடியிருந்தவர்களா, தாளோடு பெயர்ப் பட்டியல் வந்ததா, பட்டியலில் உள்ள தலைகளும் வாக்கும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு தேதி: சாவடி எழுதிய நாள், கவுண்டி பெற்ற நாள், தலைநகர் பெற்ற நாள். அந்தக் காலப் பயண வேகத்துக்கு அது பொருந்தவேண்டும். எல்லா வாக்கும் ஒரே வேட்பாளருக்கு விழுந்திருந்தால் அது மட்டும் போலிக்கு ஆதாரம் இல்லை, சிறு குடியிருப்புகளில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அத்தகைய தாள் கடைசியாகவும் வந்திருந்தால் மூலத்தை வரவழைத்துப் பாருங்கள். அச்சுப் பிரதியில் கிழிந்த விளிம்பு தெரியாது.